1918-இன் கடைசி வாரங்களை ஒரே சார்ட்டில் வரைவது எப்படி?

முதல் உலகப் போர் முடிந்த நாள் நவம்பர் 11 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தவன்தான் நானும். "அப்போ துருக்கி என்னைக்கு சார் நிறுத்தினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டபோது விழித்தேன். அதற்கப்புறம் இந்த சார்ட் இல்லாமல் பாடமே எடுப்பதில்லை.

முதலில் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, நான்கு போர்முனைகளுக்கு நான்கு கிடைக்கோடுகள்: பால்கன், பாலஸ்தீனம், இத்தாலி, பிரான்ஸ். மேலே செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை தேதிகள். ஒரு வாரத்துக்கு ஒரு விரற்கடை போதும்.

இப்போது போர் நிறுத்தங்களைச் சிவப்பில் குறியுங்கள். பல்கேரியா செப்டம்பர் 29, துருக்கி அக்டோபர் 30. ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு இரண்டு புள்ளிகள் வேண்டும். கையெழுத்து நவம்பர் 3, அமலுக்கு வந்தது 4-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு. ஆஸ்திரியத் தளபதிகளோ முன்கூட்டியே சண்டையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இத்தாலியப் படை முன்னேறிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் பெருந்திரளான வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். மாணவர்கள் மறக்காத இடம் இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

ஜெர்மனி: நவம்பர் 11 விடியற்காலை கையெழுத்து, காலை 11 மணிக்கு அமல்.

சிவப்புப் புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்தால் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஜெர்மனியின் கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது அதில் தெரியும்.

கீழே ஒரு கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறீர்களா? அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு. தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக்கின் ஜெர்மன் படை அங்கே ஆயுதத்தைக் கீழே வைத்தது நவம்பர் 25-இல்தான்.