பாங்காக்கில் 60 பாட் பணத்தில் மதியச் சாப்பாடு

பாங்காக் வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, பட் தாய் நூடுல்ஸ் எங்கே நன்றாக இருக்கும் என்றுதான். அதை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நான் கூட்டிப்போவது, சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் காவ் கேங் கடைக்கு. சிலோம் பக்கம் வேலை என்பதால் என் மதியச் சாப்பாடு பாதி நாள் அங்கேதான்.

கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலிலேயே எவர்சில்வர் தட்டுகளில் பத்துப் பன்னிரண்டு வகை குழம்பும் வதக்கலும் பரப்பியிருக்கும். தாய் எழுத்து படிக்கத் தெரியவேண்டாம். விரலைக் காட்டினால் போதும். சோற்றின் மேல் ஒரு வகை ஊற்றினால் ஒரு விலை, இரண்டு என்றால் கொஞ்சம் கூட. சாதாரணக் கடையில் பெரும்பாலும் 50, 60 பாட்டோடு முடிந்துவிடும். காலையிலேயே சமைத்து வைப்பதால் சோறு சூடாக இருக்கும், குழம்பு ஆறியிருக்கும். அதுதான் அங்கே வழக்கம், முகம் சுளிக்காதீர்கள். 11 மணிக்கே போய்விடுங்கள். 12 அடித்தால் ஆபீஸ் கூட்டம். 2 மணிக்குப் போனால் தட்டில் எண்ணெய்தான் மிச்சம்.

முதல் தடவைக்கு என் சிபாரிசு, கேங் கியாவ் வான் என்ற பச்சைக் குழம்பும் பக்கத்தில் ஒரு ஆம்லெட்டும். தேங்காய்ப்பால் சேர்ந்ததுதானே என்று அசட்டையாக இருக்கவேண்டாம், அந்தப் பச்சை நிறமே பச்சை மிளகாயிலிருந்து வருவது. உள்ளே கிடக்கும் எலுமிச்சைப் புல், அரத்தைத் துண்டு, தடித்த எலுமிச்சை இலை எல்லாம் வாசனைக்குத்தான். கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிடுங்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைத் தள்ளிக் கொடுக்க மட்டும்.

சுடச்சுட வேண்டுமா? தாம் சங் கடை. கேட்டதை அப்போதே வாணலியில் வதக்கித் தருவார்கள். பட் கப்ராவ் கேளுங்கள்: கொத்துக்கறி, பூண்டு, மிளகாய், கை நிறையத் துளசி. ஆமாம், நம் வீட்டு மாடத்துத் துளசி இனமேதான். அதைப் பன்றிக்கறியோடு வதக்குவதைப் பார்த்து என் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் கோழியில் ஒரு தட்டு வாங்கி முழுசாகச் சாப்பிட்டார். 'காய் தாவ்' என்று சேர்த்துச் சொன்னால் மேலே பொரித்த முட்டை வரும். 'மாய் பெட்' என்றால் காரம் வேண்டாம். வெளியூர் முகத்தைப் பார்த்ததும் அவர்களாகவே காரத்தைக் குறைப்பதும் உண்டு. பப்பாளிக்காயை இடித்துத் தரும் சோம் தாம் கடையில் மிளகாயை எண்ணியே கேட்கலாம்: 'ப்ரிக் மெட் தியாவ்', ஒரே ஒரு மிளகாய். நாம் காரம் தின்று வளர்ந்தவர்கள் என்ற வீராப்பை அங்கே காட்டவேண்டாம்.

நூடுல்ஸ் கடை மேசையில் நாலு கிண்ணம் இருக்கும்: மீன் சாஸில் ஊறிய மிளகாய், வினிகரில் ஊறிய மிளகாய், மிளகாய்த் தூள், சர்க்கரை. சூப் வேண்டுமென்றே மட்டாகத்தான் வரும். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நீங்களே சேர்க்கவேண்டும். சர்க்கரையும்தான். அரை ஸ்பூன் போட்டுப் பாருங்கள், புளிப்பும் காரமும் ஒன்றுசேரும்.

சைவக்காரர்களுக்குக் காவ் கேங் கடை சரிப்படாது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டோஃபு குழம்பில்கூட அரைத்த மசாலாவிலேயே இறால் விழுது இருக்கும், மேலே மீன் சாஸ் வேறு. மஞ்சள் பலகையில் சிவப்பாக 17 போலத் தெரியும் எழுத்தைத் தேடுங்கள். அது 'ஜே' கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது.

தெருக்கடை தயக்கமாக இருந்தால் அசோக் பகுதியில் டெர்மினல் 21 மாலின் பியர் 21 உணவுக்கூடம் போங்கள். பணம் கட்டி கார்டு வாங்கி, ஒவ்வொரு கடையிலும் அதைக் காட்டவேண்டும். மிச்சத்தைக் கவுன்டரில் திருப்பித் தருவார்கள். மால் என்றாலும் விலை தெருக்கடையை ஒட்டித்தான்.

தெருக்கடையில் சாப்பிட்டு முடித்தபின்தான் காசு. 'கெப் தாங்' (காசு வாங்கிக்கொள்ளுங்கள்) என்று சொல்லுங்கள். பெண்கள் 'கா', ஆண்கள் 'க்ராப்' சேர்த்தால் மரியாதை. கடைக்காரரை 'பீ' என்று அழைத்தால் முகம் மலரும்; தாய் மொழியில் அது அண்ணன், அக்கா என்பதுபோல. 20, 50, 100 பாட் தாள் கையில் இருக்கட்டும். காலையில் 1000 பாட்டை நீட்டினால் சில்லறைக்காக அவர் பக்கத்துக் கடைக்கு ஓடவேண்டும்.