அம்மாவைப் பார்க்க ஆள் வைக்கப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போகிற பலருக்கு இப்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. தனித்திருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பார்க்க ஒரு ஆளை ஒழுங்கு செய்துவிட்டு வர வேண்டும். வழமையாக என்ன நடக்கும்? முதல் இரண்டு கிழமை கோயில், கலியாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று போய்விடும். கடைசி நாலு நாளில் யாரோ சொல்லி ஒருவர் வருவார். சம்பளம் பேசி, குளிசைப் பையைக் கையில் கொடுத்துவிட்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் ஏறுவோம். முதல் முறை நானும் அப்படித்தான் ஏறினேன். மூன்றாம் நாளே போன் வந்துவிட்டது.

அதனால் முதலில் சொல்வது: ஆளை முதல் கிழமையே பிடியுங்கள். திருவிழாவின் 25 நாளும் முழுதாகப் பார்த்து முடித்த பிறகு தேடினால் கிடைக்கிறவர்தான் ஆள்.

இங்கிலாந்தில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் நிறுவனம், பராமரிப்பு இடங்களைப் பரிசோதிக்கும் சி.கியூ.சி. என்ற அமைப்பில் பதியாமல் தொழில் நடத்த முடியாது. வேலைக்கு வருபவரின் குற்றப் பதிவையும் பார்ப்பார்கள். லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இதே வேலை செய்கிறார்கள், அவர்களைக் கேட்டால் இந்தக் கெடுபிடியெல்லாம் கதைகதையாகச் சொல்வார்கள். ஊரில் உங்கள் அம்மா வீட்டுக் கதவை அப்படி ஒரு பரிசோதகர் வந்து தட்டுவார் என்று இருந்துவிட வேண்டாம். அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

தேசிய அடையாள அட்டையின் பிரதி, அவருடைய கிராம சேவையாளரின் நற்சான்றிதழ், கடைசியாக வேலை செய்த வீட்டின் தொலைபேசி எண் மூன்றையும் வாங்குங்கள். அந்த வீட்டுக்குக் கட்டாயம் அழையுங்கள். “நல்ல பிள்ளை” என்று சொன்னதும் போனை வைத்துவிடாதீர்கள். ஏன் வேலையை விட்டார், இரவில் கூப்பிட்டால் எழும்புவாரா என்று கேளுங்கள். பராமரிப்பாளர் வேலைக்கு என்.வி.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது, இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் சொந்தத் தாயை மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த ஒருவரை நான் குறைத்து மதிக்க மாட்டேன். ஆனால் “நான் நேர்ஸ்” என்று சொன்னால் அது வேறு கதை. தாதிக்குப் பதிவு இருக்க வேண்டும், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். ஊசி போடுவதையும் குழாய் மாற்றுவதையும் பதிவில்லாதவரிடம் விடக் கூடாது.

இனிக் குளிசை. எங்கள் வீட்டில் பிழைத்தது இங்கேதான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் பிறஷருக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள். கடதாசிப் பையில் வெள்ளைக் குளிசை, மேலே பேனையால் எழுதியிருந்தது. இடையில் கால் நோவுக்குக் காட்டப் போன தனியார் டொக்டர், கிளினிக் கொப்பியைப் பார்க்காமல், அதே மருந்தை ஒரு கொம்பனிப் பெயரில் எழுதிவிட்டார். பளபளக்கும் அட்டை, வேறு பெயர். வந்த பிள்ளை இரண்டையும் ஒழுங்காக, நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறது. அம்மா கிணற்றடியில் தலை சுற்றி இருந்துவிட்டா. விழவில்லை, வாளியைப் பிடித்துக்கொண்டாவாம். பிள்ளையில் பிழை இல்லை, இரண்டு பையையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனவன் நான்.

ஆகவே எல்லா மருந்தையும் மேசையில் கொட்டுங்கள். கிளினிக் கொப்பியோடு பாமசிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றின் உள்மருந்துப் பெயரைக் கேட்டு எழுதி, இரட்டிப்பாக இருப்பதை டொக்டரிடம் காட்டுங்கள். ஏழு நாள் குளிசைப் பெட்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து கொண்டு போனால் சொக்கிலேற்றை விடப் பிரயோசனம். ஒரு சீ.ஆர். கொப்பியும் வைத்துவிடுங்கள். குளிசை, சாப்பாடு, பிறஷர், சீனி, மலம் போனது எல்லாம் நாளுக்கு ஒரு பக்கம். மாலையில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

சீனி வருத்தக்காரர் என்றால் ஒரு விசயத்தைச் சொல்லிக் கொடுக்காமல் வரக் கூடாது. வியர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் சீனி இறங்குகிறது. அளவு 70க்கு (mg/dL) கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது.

வீட்டைச் சுற்றி இரவில் ஒருதரம் நடந்து பாருங்கள். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில் லைற் இருக்கிறதா? படி எத்தனை? கிணற்றடிப் பாசியை உரஞ்சி, கக்கூசில் பிடி கம்பி பூட்ட ஒரு மேசனுக்கு அரை நாள் போதும். படுக்கையில் இருப்பவர் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சாப்பாடு எப்போதும் நிமிர்த்தி இருத்தித்தான்.

அப்புறம் நான் கண்டுபிடித்த பரீட்சை ஒன்று. ஆள் வந்து நாலைந்து நாள் ஆனதும், இரண்டு நாள் திருகோணமலைக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் பார்ப்பார்கள். வந்ததும் அம்மாவின் நகத்தையும் படுக்கை விரிப்பையும் பாருங்கள்.

வருகிறவரும் மனிசிதான். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ தங்கி வேலை செய்ய வருபவருக்கு, பூட்டக்கூடிய அறையும் கிழமைக்கு ஒரு நாள் லீவும் வேண்டும். இரவும் பகலும் ஒரே ஆள் என்றால் இரண்டாம் மாதமே கோபம் வரும், அது அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும் இழுவையில் தெரியும். லீவு நாளுக்கு மாற்று ஆளை இப்போதே பேசி வையுங்கள். சம்பளத்தை வங்கியில் போடுங்கள். அம்மாவின் ஏ.ரி.எம். அட்டையும் காணி உறுதியும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். கமரா பூட்டினால் விறாந்தையில் மட்டும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டு.

சுவரில் பெரிய எழுத்தில் 1990 என்று எழுதி ஒட்டுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸின் தொலைபேசி எண், காசு கட்டத் தேவையில்லை. 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. கீழே வீட்டுக்கு வரும் வழியையும் எழுதுங்கள்: எந்தச் சந்தி, எந்தக் கோயில், எத்தனையாவது ஒழுங்கை. பதற்றத்தில் யாருக்கும் வாய் வராது. வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உங்களுக்கு அழைத்து அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காமல் முதலில் 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். கனடாவில் அப்போது நடுச்சாமமாக இருக்கும்.

திரும்பி வந்த பிறகு வீடியோவில் கதைக்கும்போது முகத்தோடு நிற்காமல் குதிக்கால், உள்ளங்கால், முதுகு எல்லாம் காட்டச் சொல்லுங்கள். புண் அங்கேதான் முதலில் வரும். “என்னடா, கதைக்க எடுத்துப்போட்டுக் காலைப் பார்க்கிறாய்” என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பேசுகிறா. பேசட்டும்.