வடக்கே கிளம்புவதற்குள் பார்த்துவிடுங்கள்: சென்னைத் தெருவில் வலசைக் குருவிகள்

வலசை என்றதும் பெரும்பாலானோர் வேடந்தாங்கலுக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். நம் தெருவிலேயே செம்பருத்தி வேலிக்குள் அரையாண்டாகக் குடியிருக்கும் குருவியை யாரும் கவனிப்பதில்லை, அது எனக்குப் பெரிய மனத்தாங்கல். செப்டம்பர், அக்டோபரில் வந்த சின்னப் பறவைகள் பலவும் மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் கடைசிக்குள் வடக்கே போய்விடும், அதனால் பங்குனி வெயிலைச் சாக்குச் சொல்லாமல் காலை 6 மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் அவையும் அடங்கிவிடும்.

முதலில் காது, அப்புறம்தான் பைனாகுலர். பிளைத் நாணல் கதிர்க்குருவியிலிருந்து ஆரம்பியுங்கள். கொஞ்சம் புதர் இருந்தால் போதும், அடுக்குமாடி வளாகத்திலும் தங்கிவிடும். நாக்கை மேலண்ணத்தில் தட்டினால் வருமே, அந்த மாதிரி 'டக்... டக்' என்று கேட்கும். தேடிக்கொண்டு கிட்டே போகாதீர்கள், பத்தடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கிளை ஆடும், மங்கிய பழுப்பு முதுகும் வெளுத்த வயிறும் தெரியும், நீண்ட அலகால் இலைக்கு இலை பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு கிராம் உடம்பு அது, இரவிரவாகப் பறந்து மத்திய ஆசியா, சைபீரியா வரை போகிறது! கிளம்பும் சமயத்தில் பாடவும் செய்யும். அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் வேண்டாம்.

மரம் அடர்ந்த இடம் வேண்டுமென்றால் கிண்டி. நிழலான தரையில் சருகுக்கு நடுவே பாருங்கள், மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், கொடிக்கால் வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். ஆறுமணிக்குருவி பெயருக்கேற்ப விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். போனில் அதன் குரலைப் போட்டு மட்டும் கூப்பிடாதீர்கள், பயணத்துக்கு உடம்பைத் தேற்றும் பறவையை அலையவிடுவது பாவம்.

வெளியே போக முடியாதவர்கள் ஒரு மண் தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிச் செடியடியில் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். சரி, கடைசியாக ஒன்று: 'டக்' சத்தம் கேட்கும் நாளையெல்லாம் காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள், சித்திரையில் எந்தத் தேதியோடு அது நின்றது என்று அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.