ஹைக்கூ: மூன்றாவது வரியில் வழுக்கி விழாமல்

போன மாதம் ஒரு பயிலரங்கில் முப்பது பேர் எழுதிக் கொடுத்த ஹைக்கூத் தாள்களை வாங்கிப் படித்தேன். பாதிக்கு மேல் என் பழைய நோட்டையே புரட்டுவது போல இருந்தது. நான் விழுந்த அதே பள்ளங்கள். ஹைக்கூ ஜப்பானிலிருந்து வந்த குறுங்கவிதை, மூன்று வரி, சுருக்கம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

விரல் விட்டு எண்ணுவது

மூன்று வரிக்கும் முறையே ஐந்து, ஏழு, ஐந்து ஒலி என்பது ஜப்பானியக் கணக்கு. 'தோக்கியோ'வைத் தமிழில் அலகிட்டால் இரண்டு அசை. அவர்களுக்கு நான்கு ஒலி, நெடிலை இரண்டாக எண்ணுவார்கள். அந்தக் கணக்கைத் தமிழ் அசையில் திணித்தால் 'அங்கே', 'அந்த', 'ஒரு' என்று சக்கைதான் சேரும். காய்ந்த கிளையில் காகம் அமர்ந்த கவிதையில், ஜப்பானிய ஹைக்கூவின் பெருங்கவிஞர் பாஷோவே நடுவரியை ஏழு ஒலிக்கு மேல் நீட்டியிருக்கிறார்.

மூன்றாவது வரியில் தீர்ப்பு சொல்வது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், இதற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். இருபத்தாறு வயதில் கைக்காசு போட்டு ஒரு தொகுப்பு அச்சடித்தேன். முந்நூறு பிரதிகள். முக்கால்வாசி இன்னும் பரண்மேல் இருக்கிறது. அதில் முதல் கவிதை:

ஒழுகும் கூரை
குண்டானில் நிரம்புகிறது
ஏழையின் கண்ணீர்

என்னைவிட மூத்த கவிஞர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கட்டைவிரலால் கடைசி வரியை மறைத்தார். "இதுவரைக்கும் வீடு இருக்கு தம்பி. அப்புறம் மேடை வந்துடுச்சு" என்றார். எனக்குக் கோபம். இரண்டு வருஷம் அவர் பக்கமே போகவில்லை.

அவர் சொன்னது பாஷோவைப் படித்த பிறகுதான் உறைத்தது. 1686இல் எழுதிய தவளைக் கவிதையில் இருப்பது இவ்வளவுதான்: பழைய குளம், தவளை குதிக்கிறது, தண்ணீர்ச் சத்தம். 'எவ்வளவு அமைதி!' என்று அவர் எழுதவில்லை. குளத்தை அடுத்து 'யா' என்றொரு அசை வருகிறது. வெட்டுச்சொல் என்பார்கள். அதற்குத் தனிப் பொருள் கிடையாது. அந்த இடத்தில் கவிதை அறுபட்டு நிற்கும். அறுந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்ப்பது படிக்கிறவர் பாடு. நான் அந்த வேலையையும் அவரிடமிருந்து பிடுங்கி, 'ஏழை', 'கண்ணீர்' என்று விடைத்தாளும் நீட்டியிருந்தேன்.

தமிழில் இந்தத் தவறு சுலபமாக வரும். கவியரங்கில் கடைசி வரிக்குத்தான் கைதட்டல் என்று பழகியிருக்கிறோம். மூன்றாம் வரியில் திருப்பம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அதுவும் கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒன்றாக இருக்கட்டும். பிறகு அதே கவிதையை இப்படி மாற்றினேன்:

மழை விட்டது
அடுப்படியில் இன்னும்
நிரம்பும் குண்டான்

பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூரை ஒழுகுவதை நான் சொல்லவில்லை, நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

ஒரே வாக்கியத்தை மூன்றாக ஒடிப்பது

'நேற்று மாலை / கடைக்குப் போய் / பால் வாங்கினேன்.' எண்டர் தட்டினால் ஹைக்கூ ஆகாது.

பார்க்காத பூவைப் பாடுவது

ஜப்பானியர்கள் ஹைக்கூவில் பருவச்சொல் ஒன்று வைப்பார்கள். தவளை அவர்களுக்கு வசந்தம். அதற்காக செர்ரிப் பூவைப் பார்த்தே இராதவர் அதை எழுத வேண்டுமா? அந்த முப்பது தாளில் நான்கில் செர்ரி பூத்திருந்தது. வெளியே பயிலரங்க வாசலில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது, மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வந்தோம்.

தலைப்பு

வேண்டாம். அது நான்காவது வரி.