முதலில் ஒலியை அணையுங்கள்
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் ஊடகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாப் பாடல் காணொளியை ஆராயும்போது முதல்முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதைகளின் அமைப்பை ஆராய்ந்த தொடொரோவ் சொன்ன மூன்று கட்டங்களான சமநிலை, அதன் குலைவு, புதிய சமநிலை ஆகியவை எந்த நொடியில் வருகின்றன என்று குறியுங்கள். பல காணொளிகளில் அந்தக் கடைசிச் சமநிலையே இருக்காது. எழுத வேண்டியது அதைத்தான்! பிறகு ஒலியோடு பார்த்து, இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் வழியில், காட்சி பாடல்வரியை அப்படியே காட்டுகிறதா, விரிக்கிறதா, விலகுகிறதா எனக் கேளுங்கள். கேமரா பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கிறது என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் சினிமாவைப் பற்றி வெளியிட்ட ஆண்பார்வைக் கருத்துக்கு, பெண்ணுடலைத் துண்டு துண்டாகக் காட்டும் ஷாட்களை எண்ணுங்கள். பார்ப்பவர் தம் பின்னணிக்கேற்ப வேறு பொருள் கொள்ளலாம் என்ற ஸ்டூவர்ட் ஹாலுக்கோ பக்கத்து வீட்டு மலையாள நண்பரே போதும்: தமிழ்ப் பாடலொன்றைச் சேர்ந்து பார்த்து, அவர் எங்கே வேறு பொருள் கொள்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.