மீன் சந்தையில் சுயெஸ் பாடம் நடத்துவது எப்படி?

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கழகத்தை நடத்துகிறேன். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் சுயெஸ் கால்வாய் வழியாக ஒரு கடலின் உயிர்கள் இன்னொரு கடலுக்குப் பரவுவதைப் படம் காட்டி நடத்தினால் பிள்ளைகள் மனத்தில் ஒட்டுவதில்லை. எகிப்தில் நடந்த ஏதோ ஒரு கதையாகப் போய்விடுகிறது. ஆனால் அப்படிப் போன மீன்களில் சில நம் சந்தையில் தினமும் கிடைக்கின்றன. அதனால் பாடத்தை அங்கேயே தொடங்குங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் முதலாம் படிவத்தினருக்கும் இது பொருந்தும்.

சௌராஸ்தா சந்தையோ உங்கள் பக்கத்துச் சந்தையோ, விடிந்ததும் போய்விடுங்கள். கூட்டம் ஏறிவிட்டால் மீன்காரருக்குப் பேச நேரமிருக்காது. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் மீன்கார அண்ணன், "தொட்டுப் பார்க்கட்டும் டீச்சர், செம்பிலாங் முள்ளுல மட்டும் கை வைக்க விடாதீங்க" என்பார். அவர் சொல்வது சரி. செம்பிலாங் ஒரு கடல் கெளுத்தி; அந்த முள்ளில் நஞ்சு உண்டு. வரிச் செம்பிலாங்கும் சுயெஸ் வழியே மத்தியதரைக் கடலுக்குப் போய், அங்குள்ள மீனவர் கைகளைக் குத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் தெங்கிரியை, அதாவது வஞ்சிர மீனைக் காட்டுங்கள். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். விலாவில் மேலிருந்து கீழாக மெல்லிய அலைக்கோடுகள் நெருக்கமாக ஓடினால் அது தெங்கிரி பாத்தாங். கோடில்லாமல் புள்ளி புள்ளியாக இருந்தால் தெங்கிரி பாப்பான். கால்வாய் கடந்து போனது கோடு போட்டது. 1930களிலேயே மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் விரலால் கோடுகளைத் தடவிப் பார்க்கட்டும், நோட்டில் வரையட்டும். அவசரப்படுத்தாதீர்கள். இந்த ஒரு மீனிலேயே அரை மணி நேரம் போனாலும் நல்லதுதான்.

அடுத்தது பூ நண்டு, அதாவது கெத்தாம் பூங்கா. இங்கே கவனம் தேவை. துனீசியாவின் காபெஸ் வளைகுடாவில் 2014 முதல் பெருகி, மீனவர் வலைகளை நாசமாக்கிய நண்டு நம்முடையதைப் போலவே இருக்கும், ஆனால் வேறு இனம். முன்பு எல்லாவற்றையும் ஒரே இனமாக எண்ணியிருந்தார்கள். 2010இல்தான் நான்காகப் பிரித்தார்கள். "நம்ம நண்டுதான் அங்கே போயிருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே திருத்துங்கள். ஒன்றுவிட்ட சொந்தம் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். டெங்கிஸ் என்ற முயல்மீனும் அப்படித்தான். செங்கடலிலிருந்து போன அதன் சொந்தங்கள் இரண்டு, துருக்கிக் கரைப் பாறைகளில் பாசியை மொட்டையாக மேய்ந்துவிட்டன.

புந்தால், அதாவது பேத்தை மீன், கண்ணில் பட்டால் தள்ளி நின்று காட்டுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. வெள்ளிக் கன்னப் புந்தால் 2003இல் துருக்கிக் கடலில் முதன்முதலாகப் பிடிபட்டது. இன்று அங்கே வலையையும் தூண்டிலையும் கடித்துத் துண்டாக்குகிறது.

வகுப்புக்குத் திரும்பியதும் கை கழுவவைத்துவிட்டு, கால்வாயைச் செய்து காட்டுங்கள். இரண்டு ஐஸ்கிரீம் டப்பா, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய், பசை, சிவப்புச் சாயம் போதும். டப்பாக்களின் அடிப்பக்கம் துளையிட்டுக் குழாயால் இணையுங்கள். நீர் கசியாதபடி பசை காயட்டும். இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, செங்கடல் டப்பாவில் சாயம் கலந்த நீரைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள். சிவப்பு மறுபக்கம் போவது தெரியும். நீரைத் தடுத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டுக்கதவு சுயெஸில் கிடையாது. நீரோட்டமும் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியே ஓடுகிறது. நுண்ணிய குஞ்சுகள் அதில் மிதந்தே போய்விடும்.

பிறகு அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களை இணைக்கும் பனாமா கால்வாய். மூன்றாவது டப்பாவை நாற்காலி மேல் வைத்து, அதில் நிறமில்லாத நீரை நிரப்பி, இரு பக்கமும் குழாய் விடுங்கள். கீழே இருக்கும் சாயம் மேலே ஏறாது. அந்தக் கால்வாயின் நடுவே உள்ள காத்தூன் ஏரி கடல் மட்டத்தைவிடச் சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதுவும் நன்னீர். 1914 முதல் கப்பல் ஏறி இறங்கினாலும் கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அது சுவர்தான். 2016இல் பெரிய பூட்டுகள் திறந்த பிறகு ஏரிக்குள் கடல் மீன் கூடியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்; சுவரிலும் ஓட்டை விழும்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: "1869இலேயே திறந்தாச்சே, ஏன் எல்லாம் ஒரே நேரத்தில் போகல?" இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கால்வாயின் நடுவே கசப்பு ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் தடித்த உப்புப் பாளம் கிடந்தது. அது கரையக் கரைய நீர் கரித்தது, பல உயிர்களால் தாண்ட முடியவில்லை. பல பத்தாண்டுகளில் உப்பு தணிந்தது. வடக்கு வாயிலில் நைல் வெள்ளம் கொட்டிய நன்னீர் இன்னொரு தடை. 1970இல் அஸ்வான் பேரணை முடிந்ததும் அதுவும் குறைந்தது. முதலில் 8 மீட்டர் ஆழமாக இருந்த கால்வாய் இன்று 24 மீட்டர். கடலும் சூடேறிவிட்டது. இவற்றைக் கரும்பலகையில் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். மீன்களைப் படையெடுப்பாளர் என்று பேச விடாதீர்கள். தோண்டியது மனிதர்கள்.

வீட்டுப்பாடமாக கிரா நிலச்சந்தியைக் கொடுங்கள். நமக்கு வடக்கே, தாய்லாந்தில், குறுகிய இடத்தில் சுமார் 44 கிலோமீட்டர் அகலம். அங்கே கால்வாய் வெட்டும் பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. வெட்டினால் அந்தமான் கடலிலிருந்து தாய்லாந்து வளைகுடாவுக்கு எது போகும், பூட்டு வைக்க வேண்டுமா, மலாக்கா நீரிணை ஏற்கெனவே திறந்துகிடக்கும்போது என்ன வித்தியாசம் வரும் என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். அப்பா அம்மாவிடம் கேட்டும் எழுதலாம். திருத்தும்போது விடை சரியா என்பதைவிட, உப்பு, நீர்மட்டம், ஆழம் மூன்றையும் யோசித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.