டொஃபினோவுக்கு அலைச்சறுக்கப் போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொள்ளுங்கள்

கனடாவின் வான்கூவர் தீவில் இருக்கும் டொஃபினோவில் கோடையிலேயே கடல்நீர் சுமார் 14 டிகிரிதான். அதனால் 4/3 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்க உடலோடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை; உடம்புப் பகுதி 4, கை கால் பகுதி 3 மி.மீ. தடிமன்) கட்டாயம், குளிர்காலம் என்றால் 5 மி.மீ., கூடவே தலைமூடி, கையுறை, பூட்ஸ். ஈரமான வெட்சூட்டுக்குள் காலை நுழைப்பது பெரும்பாடு. பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் பையை உருவி அடுத்த காலுக்கு.

புதியவர்கள் செஸ்டர்மேன் கடற்கரையில் தொடங்கலாம். காக்ஸ் பே திறந்த கடலைப் பார்த்தபடி இருப்பதால் அலை முரடு. பழகிய பிறகு போனால் போதும். லாங் பீச் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, நுழைவுச் சீட்டு வேண்டும்.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். சறுக்குப் பலகையை விடாமல், கரைக்கு இணையாகக் கைகளால் துழாவி விலகுங்கள்.